பாலைவனப் பல்லி எதைத் தின்கிறது, எங்கே வாழ்கிறது: எந்த முறையில் ஆராய்வது?

ஒரே ஒரு பருவம், இரண்டு மூன்று பேர், குறைந்த பணம். பாலைவனப் பல்லிகளின் உணவையும் வாழிடத்தையும் ஆராயக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோரின் கையிருப்பு இவ்வளவுதான். முறைகளோ ஏராளம். எச்சத்தைப் பிரித்துப் பார்க்கலாம், இரைப்பையைக் கழுவலாம், டி.என்.ஏ.வைப் படிக்கலாம், ஐசோடோப்பு அளக்கலாம், குழிப்பொறி வைக்கலாம், முதுகில் டிரான்ஸ்மிட்டர் ஒட்டிப் பின்தொடரலாம். எல்லாவற்றையும் செய்ய முடியாது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதைக் களத்தில் இறங்குவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். பாதிப் பருவத்தில் முறையை மாற்றினால் முன்பாதித் தரவும் பின்பாதித் தரவும் ஒன்றோடொன்று ஒட்டாது.

உணவுக்கு ஒரு முறை, வாழிடத்துக்கு ஒரு முறை என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதைத்தான் நான் முதலில் எதிர்ப்பேன். பாலைவனப் பல்லியின் வாழ்க்கையில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. எரிக் பியாங்காவும் ரேமண்ட் ஹியூயியும் ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு நல்ல சான்று. ஒரே மணல்வெளியில் வாழும், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல்லிகளில் சில இனங்கள் அசையாமல் காத்திருந்து, அருகே ஓடும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கின்றன. வேறு சில இனங்கள் ஓயாமல் அலைந்து, கறையான் கூட்டங்களைத் தேடிக் கண்டுபிடிக்கின்றன. காத்திருப்பவற்றின் வயிற்றில் ஓடித் திரியும் இரை அதிகம்; அலைபவற்றின் வயிற்றில் ஓரிடத்தில் குவிந்து கிடக்கும் கறையான் அதிகம். அலையும் பல்லிகளைப் பதுங்கியிருக்கும் பாம்புகள் அதிகமாகப் பிடிக்கின்றன என்பதும் அங்கே தெரியவந்தது. எங்கே இருக்கிறது, எப்படி நடமாடுகிறது என்பதே எதைத் தின்கிறது, எதற்கு இரையாகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே எந்தப் பல்லியின் உணவைக் குறித்தோமோ, அதே பல்லியை எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த வெப்பத்தில் பார்த்தோம் என்பதும் அதே வரியில் பதிவாக வேண்டும். முறைகளை இந்த ஒரு அளவுகோலை வைத்தே நான் எடை போடுகிறேன்.

வயிற்றை அறுப்பதும் வயிற்றைக் கழுவுவதும்

பாலைவனப் பல்லிகளின் உணவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, கொல்லப்பட்ட பல்லிகளின் இரைப்பையிலிருந்து வந்தது. பியாங்கா 1960-களிலிருந்து வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா (கலஹாரி) ஆகிய மூன்று கண்டங்களின் பாலைவனங்களிலும் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சேகரித்தார். ஒவ்வொன்றும் கிடைத்த இடம், நேரம், உடல் வெப்பம் எல்லாவற்றையும் குறித்துவைத்தார். அந்தத் தரவின் மதிப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அடிப்படை ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. ஒரு சிறிய ஆய்வுக்காக மறுபடியும் பல்லிகளைக் கொல்வதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. பல இனங்களின் எண்ணிக்கை சரிந்துவரும் காலத்தில் அனுமதி கிடைப்பதும் அரிது.

இரைப்பைதான் வேண்டும் என்றால், அருங்காட்சியகங்களில் புட்டிகளில் காத்திருக்கும் பழைய மாதிரிகளைக் கேட்கலாம். ஃபார்மலினில் பதப்படுத்திய மாதிரிகளில் டி.என்.ஏ. பெரும்பாலும் சிதைந்திருக்கும். ஆனால் எறும்பின் தலையும் வண்டின் சிறகுறையும் அப்படியே இருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் அதே இனம் என்ன தின்றது என்று ஒப்பிட இதைவிட நல்ல வழி இல்லை. குறை ஒன்றுதான்: வாழிடத்தைப் பற்றிப் புட்டியின் சீட்டில் ஒரு வரிக்கு மேல் இருக்காது.

உயிரோடு இருக்கும் பல்லியின் இரைப்பையைக் கழுவும் முறையைப் பல்லிகளுக்கும் தவளைகளுக்கும் பொருத்தி லெக்லரும் சல்லிவனும் 1979-இல் விளக்கினார்கள். நுனி மழுங்கிய மெல்லிய குழாயை வாய் வழியாக இரைப்பை வரை செலுத்தி, நீரை மெதுவாகப் பாய்ச்சி, தலையைக் கீழே சாய்த்து, வெளியே வருவதைச் சல்லடையில் பிடிக்க வேண்டும். கிடைப்பது அரைகுறையாகச் செரித்த, ஆனால் உருக்குலையாத இரை. புழு, கறையான் போன்ற மென்மையான உயிர்களும் தப்பாமல் தெரியும். நீளம், அகலம் அளந்து கன அளவைக் கணக்கிட முடியும். தகவலின் தரத்தை மட்டும் பார்த்தால் உயிருள்ள பல்லியிடமிருந்து கிடைப்பதில் இதுதான் முதல் இடத்தில் நிற்கும்.

இருந்தாலும் அனுபவம் இல்லாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மூச்சுக்குழலில் நீர் புகுந்தால் பல்லி இறந்துவிடும். ஐந்து கிராம் எடையுள்ள பல்லியின் தொண்டையில் குழாய் செலுத்துவது, பக்கத்தில் நின்று கற்றுத்தரும் ஒருவர் இல்லாமல் செய்யக்கூடிய வேலை அல்ல. மழை பொய்த்த ஆண்டில் ஒரு வேளை உணவைப் பறிப்பது பல்லிக்குச் சிறிய இழப்பும் அல்ல. இலை தின்னும் இனங்களில் நார்ப்பொருள் அடைத்துக்கொள்வதால் பலனும் குறைவு.

எச்சம்: நான் சாயும் பக்கம்

பல்லியின் எச்சத்தை அடையாளம் காண்பது எளிது. கருமையான அல்லது பழுப்பு நிற உருளை, அதன் ஒரு முனையில் யூரிக் அமிலத்தின் வெள்ளைக் கட்டி. அதை எழுபது சதவீத ஆல்கஹாலில் ஊறவைத்து, கண்ணாடித் தட்டில் ஊசியால் மெல்லப் பிரித்து, நுண்ணோக்கியின் கீழே வைத்தால் உடைந்த உடல்களின் பெருங்குவியல் ஒன்று தெரியும். எறும்பின் தலைகள் பெரும்பாலும் முழுதாக, பளபளப்பாக இருக்கும். கறையானில் படைவீரனின் பழுப்புத் தலையும் வேலைக்காரனின் தாடைகளும் மட்டுமே மிஞ்சும். வண்டின் சிறகுறையை இடது, வலது என்று பிரித்து எண்ணினால் குறைந்தது எத்தனை வண்டுகள் என்று சொல்லிவிடலாம். தேளின் துண்டுகளைப் புறஊதா விளக்கில் தேடலாம், ஏனென்றால் அதன் ஓடு அந்த ஒளியில் பச்சை கலந்த நீலமாக மின்னும். வெட்டுக்கிளியின் பின்காலில் உள்ள முட்கள், சிலந்தியின் நச்சுப்பல், விதையின் தோல் என்று பழகப் பழகக் கண்ணுக்குப் பிடிபடும். அதே களத்தில் பிடித்த பூச்சிகளைக் கொண்டு ஒப்பீட்டுக்கென ஒரு சேகரிப்பை முதலிலேயே தயார் செய்துகொண்டால் வேலை பாதியாகக் குறையும்.

இந்த முறையின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மென்மையான உடல் கொண்ட புழுக்கள் தடயமே இல்லாமல் செரித்துப்போகும். அதனால் எச்சம் கடினமான ஓடுள்ள பூச்சிகளின் பக்கம் சாய்ந்த கணக்கைத்தான் தரும். ஆனால் அந்தச் சாய்வு எந்தத் திசையில் என்று நமக்குத் தெரியும். தெரிந்த சாய்வை வைத்துக்கொண்டு, ஒரு பருவத்தை இன்னொரு பருவத்தோடும் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடும் நேர்மையாக ஒப்பிட முடியும்.

அதைவிடப் பெரிய சிக்கல், தரையில் கிடக்கும் எச்சம் யாருடையது என்பது. நான்கைந்து இனங்கள் ஒன்றாக வாழும் இடத்தில் அளவை மட்டும் வைத்து முடிவு சொல்வது ஊகம்தான். இதற்குத் தீர்வு எளியது. பல்லியை நீண்ட குச்சியின் நுனியில் கட்டிய நூல் சுருக்கால் பிடித்து, துணிப்பையில் போட்டு நிழலில் வைத்து, எச்சமிட்டதும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். பெரும்பாலும் மறுநாள் காலைக்குள் வேலை முடிந்துவிடும். குளிரில் செரிமானம் நின்றுபோகும் என்பதால் இளஞ்சூடு தேவை. முட்டை சுமக்கும் பெண் பல்லிகளை வைத்திருக்கக் கூடாது. சுருக்கில் பிடித்தால் வால் அறுபடுவதும் குறைவு. பல இனங்கள் கொழுப்பை வாலில்தான் சேமிக்கின்றன, வாலை இழந்த பல்லி தன் சேமிப்பை இழந்த பல்லி.

இப்படிச் செய்தால் எச்சத்துக்கு உரிய இனம், பால், உடல் நீளம், எடை எல்லாம் தெரியும். அது முதலில் எங்கே நின்றது என்பதும் தெரியும். இந்தக் காரணத்துக்காகவே என் ஓட்டு எச்சத்துக்கு.

ஆஸ்திரேலியாவின் முள்பிசாசு போன்ற இனங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. எறும்பைத் தவிர ஏறக்குறைய எதையும் தின்னாத பல்லி அது. ஒரே வேளையில் நூற்றுக்கணக்கில் தின்னும். அதன் கருத்த எச்சத்தில் தலைகளை எண்ணினால் போதும், எந்த எறும்பு இனம் என்பது வரை சொல்லலாம். அறுவடை எறும்புகளை நம்பி வாழும் அமெரிக்கக் கொம்புப் பல்லிகளுக்கும் அப்படியே.

டி.என்.ஏ.வும் ஐசோடோப்பும்

எச்சத்தில் உள்ள டி.என்.ஏ.வைப் படித்து இரையின் பெயரைச் சொல்லும் முறை இப்போது பலரையும் ஈர்க்கிறது. ஒரு சிறு மரபணுத் துண்டை வைத்தே இனத்தை அடையாளம் காணலாம் என்று பால் ஹெபர்ட் 2003-இல் முன்வைத்த மரபணுப் பட்டைக்குறி யோசனையிலிருந்து வளர்ந்தது இது. நுண்ணோக்கியில் தடயமே தெரியாத புழுவும் இங்கே பெயரோடு வந்து நிற்கும். அந்த வகையில் எச்சத்தைக் கண்ணால் பார்ப்பதன் முக்கியமான ஓட்டையை இது அடைக்கிறது.

ஆனால் இதால் சொல்ல முடியாதவற்றைப் பாருங்கள். எத்தனை என்று உறுதியாகச் சொல்லாது. முட்டையா, புழுவா, முதிர்ந்த பூச்சியா என்று சொல்லாது. சிலந்தியைத் தின்ற பல்லியின் எச்சத்தில் அந்தச் சிலந்தி தின்ற ஈயும் தெரியும். இலை தின்ற வெட்டுக்கிளியைப் பல்லி விழுங்கினால், பல்லியே இலை தின்றதாகத் தோன்றும். தன் இனக் குஞ்சையே தின்னும் பல்லியை இந்த முறையால் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் இரையின் டி.என்.ஏ.வும் தின்றதன் டி.என்.ஏ.வும் ஒன்றுதான். பாலைவன வெயிலில் சில மணி நேரம் கிடந்த எச்சத்தில் டி.என்.ஏ. வேகமாகச் சிதையும். அந்தப் பகுதியின் பூச்சிகளுக்கு மரபணு நூலகம் இல்லையென்றால் வரிசை கிடைத்தும் பெயர் கிடைக்காது. பாலைவனங்கள் பலவற்றின் நிலை அதுதான். ஆகவே தனி முறையாக இதை எடுக்காமல், ஒவ்வோர் எச்சத்திலும் ஒரு சிறு துண்டை உடனே தூய ஆல்கஹாலில் போட்டு வைத்துவிட்டு, பணம் கிடைக்கும்போது அனுப்புவதே புத்திசாலித்தனம்.

ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அதாவது ஐசோடோப்புகளை, பல்லியின் திசுவில் அளக்கும் முறையின் கேள்வியே வேறு. நேற்று என்ன தின்றது என்று அது சொல்லாது. இரத்தத்தில் அளந்தால் சில வாரங்களின் உணவும், மெதுவாகப் புதுப்பிக்கும் திசுக்களில் அளந்தால் பல மாதங்களின் உணவும் சராசரியாகத் தெரியும். கார்பன்-13 அளவு (ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு) பெரும்பாலான புதர்கள் அடங்கிய சி3 வகைத் தாவரங்களில் சுமார் -27, ஒளிச்சேர்க்கை முறை வேறான சி4 புற்களில் சுமார் -13 என்ற அளவில் இருப்பதால், பல்லியின் உணவுச்சங்கிலி புதரிலிருந்து தொடங்குகிறதா, புல்லிலிருந்து தொடங்குகிறதா என்று பிரித்துச் சொல்லலாம். நைட்ரஜன்-15 ஒவ்வோர் உணவுப்படியிலும் ஆயிரத்துக்கு மூன்று முதல் நான்கு வரை கூடும் என்பதால், பல்லி அந்தச் சங்கிலியில் எந்தப் படியில் நிற்கிறது என்பதும் தெரியும். கள்ளிகள் சி4 புற்களைப் போன்ற அளவையே காட்டுவதால், இரண்டும் உள்ள நிலத்தில் குழப்பம் வரும். பருவமழைக்கு முன்னும் பின்னும் உணவின் அடித்தளமே மாறுகிறதா என்பது உங்கள் கேள்வியாக இருந்தால் இதை எடுங்கள். எந்தப் பூச்சி என்பது கேள்வியானால் வேண்டாம்.

இலை தின்னும் பல்லிக்கு வேறு கணக்கு

மேலே சொன்னதெல்லாம் பூச்சி தின்னும் இனங்களுக்கு. தார் பாலைவனத்தின் முள்வால் பல்லி, வட அமெரிக்காவின் பாலை இகுவானா போன்ற தாவர உண்ணிகளுக்கு என் தேர்வு மாறும். இவை பெரியவை, பகலில் வெளியே வருபவை, வளையை விட்டு அதிக தூரம் போகாதவை. தொலைவில் அமர்ந்து இருகண் நோக்கியில் பார்த்தபடி எந்தச் செடியில் எத்தனை கடி என்று எண்ணலாம். பாலை இகுவானா கிரியோசோட் புதரின் மஞ்சள் பூக்களைத் தேடி ஏறுவதை நேரில் பார்த்தே பதிவு செய்ய முடியும். அதோடு எச்சத்தில் உள்ள இலைத்தோல் துண்டுகளைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, இலைத்துளைகளின் வடிவத்தைக் கொண்டு செடியை அடையாளம் காணும் பழைய முறை இன்றும் நன்றாகப் பயன்படுகிறது.

முள்வால் பல்லியின் வாழிடத்தைக் கணக்கிட வளைகளை எண்ணுவதே போதும் என்று சொல்லத்தக்க அளவுக்கு அது வளையோடு கட்டுண்டது. இரவில் வளையின் வாயை உள்ளிருந்து மண்ணால் அடைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் வெளியே வராது. எனவே அடைபட்ட வளை வெறும் வளை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. எந்த மாதத்தில், எந்த நேரத்தில் எண்ணினோம் என்பதைப் பொறுத்துக் கணக்கே தலைகீழாகும். இளம் பல்லிகள் பூச்சிகளையும் தின்னும் என்பதால் வயதைக் கலந்து எழுதுவதும் தவறான சித்திரம் தரும்.

வாழிடம்: குழிப்பொறியா, நடையா, டிரான்ஸ்மிட்டரா

ஒரு நிலத்தில் என்னென்ன இனங்கள் இருக்கின்றன என்ற பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் குழிப்பொறியை விஞ்ச எதுவும் இல்லை. தாழ்ந்த வேலி ஒன்றை நீளமாக நட்டு, அதன் ஓரமாக வாளிகளைப் புதைத்து வைத்தால், கண்ணில் படாத இரவுப் பல்லிகளும் தாமாக வந்து விழும். ஆனால் உணவும் வேண்டும் என்பவர்களுக்கு இது கெடுதல். வாளிக்குள் விழுந்த பல்லி, கூடவே விழுந்த எறும்பையும் வண்டையும் தின்று நேரத்தைக் கழிக்கும். அதன் எச்சத்தில் இருப்பது வாளியின் உணவு, பாலைவனத்தின் உணவு அல்ல. பல்லி எந்தப் புதரிலிருந்து கிளம்பி வந்தது என்பதும் தெரியாது. விடியலில் பார்த்து எடுக்காமல் விட்டால், ஏறும் வெயிலில் வாளி அதற்குக் கொலைக்களமாகிவிடும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு வாளியையும் மூடாமல் வீடு திரும்புவது மன்னிக்க முடியாத அலட்சியம்.

குறித்த பாதையில் மெதுவாக நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு பல்லியையும் பதிவு செய்வது மலிவான முறை. இதில் வெட்டவெளியில் நிற்கும் பல்லி அதிகமாகவும் புதருக்குள் இருப்பது குறைவாகவும் கணக்கில் வரும். தேடும் இடம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வட அமெரிக்காவின் பாலை இரவுப் பல்லியே சாட்சி. மிக அரிய இனம் என்று அதை நெடுங்காலம் நம்பினார்கள். யோசுவா மரங்களின் விழுந்த கிளைகளுக்கும் உலர்ந்த மடல்களுக்கும் அடியில் தேடத் தொடங்கிய பிறகுதான், அது எவ்வளவு சாதாரணமாக வாழ்கிறது என்று புரிந்தது. புரட்டிய கிளையை இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். அதன் அடியில் உள்ள ஈரம்தான் அந்தப் பல்லியின் வீடு.

டிரான்ஸ்மிட்டர் ஒரு பல்லியின் முழு நாளையும் காட்டும். நாம் பார்க்காத நேரத்தில் எங்கே இருந்தது, எந்த வளையில் நுழைந்தது என்பதை வேறு எந்த முறையும் இவ்வளவு நன்றாகச் சொல்லாது. எடைதான் தடை. உடல் எடையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் சுமத்தக் கூடாது என்ற பொதுவான வரம்பை வைத்துக்கொண்டால், ஐந்து கிராம் பல்லிக்கு கால் கிராம்தான். அவ்வளவு சிறிய கருவிகளின் பேட்டரி சீக்கிரமே தீர்ந்துவிடும். தோல் உரியும்போது கருவியும் விழுந்துபோகலாம். உடும்பு, முள்வால் பல்லி போன்ற பெரிய உடலுக்கு இதை மனம் நிறைந்து பரிந்துரைப்பேன். சிறிய பல்லிகளின் ஓர் இரவு நடமாட்டம் மட்டும் தேவையென்றால், வயிற்றில் ஒளிரும் பொடியைத் தடவி விட்டு, புறஊதா விளக்கோடு அதன் தடத்தைத் தொடரலாம்.

எந்த முறையை எடுத்தாலும் வெப்பத்தை அளக்காத வாழிட ஆய்வு பாலைவனத்தில் அரைகுறை ஆய்வுதான். நண்பகலில் மணற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சில அடி தள்ளி, புதரின் நிழலில் பல்லி தாங்கக்கூடிய வெப்பம் இருக்கும். நமீப் பாலைவனத்து மணற்குன்றுப் பல்லி ஒன்று சுடுமணலில் கால்களை மாற்றி மாற்றித் தூக்கி நின்று, தாங்க முடியாத கட்டத்தில் மணலுக்குள் மூழ்கிவிடும். அதற்கு அந்த மணிநேரத்தில் வாழிடம் என்பது மணலுக்கு மேலே அல்ல, கீழே.

பல்லியின் அளவில், அதன் நிறத்தில் சாயமடித்த உள்ளீடற்ற செம்புக் குழாய்களில் வெப்பப் பதிவி வைத்து, வெயில், அரைநிழல், புதரடி, வளை எனப் பல இடங்களில் போட்டால், பல்லி அங்கே இருந்திருந்தால் அதன் உடல் எவ்வளவு சூடாகியிருக்கும் என்று தெரியும். பல்லி உண்மையில் வைத்திருக்கும் வெப்பத்தோடு அதை ஒப்பிட்டு, எவ்வளவு திறமையாகத் தன் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று கணக்கிடும் வழியை ஹெர்ட்ஸ், ஹியூயி, ஸ்டீவன்சன் மூவரும் 1993-இல் தந்தார்கள். பேரி சினெர்வோவின் குழு 2010-இல் மெக்சிகோவின் 200 இடங்களில் முள்செதில் பல்லிகளை ஆராய்ந்து, 1975-க்குப் பிறகு அவற்றின் உள்ளூர்க் கூட்டங்களில் 12 சதவீதம் அழிந்துவிட்டதாகக் காட்டியது. வெப்பம் கூடியதால் நிழலுக்குள் முடங்கும் நேரம் கூடி, இரை தேடும் நேரம் சுருங்கியதையே அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். இரை போதுமான அளவில் இருந்தாலும் அதைப் பிடிக்க வெளியே வர நேரம் இல்லாவிட்டால் பட்டினிதான். வாழிடத்தையும் உணவையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டுமா?

ஆகவே சிறிய, பகலில் நடமாடும், பூச்சி தின்னும் இனத்துக்கு என் பரிந்துரை இது. காலையிலும் மாலையிலும் குறித்த பாதையில் நடை, சுருக்கில் பிடிப்பு, பிடித்த பல்லியிடமிருந்தே எச்சம், களத்தில் செம்புக் குழாய்கள். பல்லியை முதலில் பார்த்த இடத்தில் கொடி நட்டுவிட வேண்டும். அது ஓடி ஒளிந்த இடம் அதன் வாழிடம் அல்ல, நம்மைக் கண்டு பயந்த இடம். அந்தக் கொடியருகே தரை வெப்பம், அருகிலுள்ள புதருக்கும் வளைக்கும் உள்ள தூரம், மணலின் இறுக்கம் ஆகியவற்றை அளந்துவிட்டு, ஏதோ ஒரு திசையில் முன்பே முடிவு செய்த தூரம் தள்ளி இன்னொரு புள்ளியிலும் அதையே அளக்க வேண்டும். பல்லி எதைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்ல, அது எதை விட்டுவிட்டது என்ற கணக்கும் தேவை. உணவுக்கும் அதே விதி. பூச்சிகளுக்கென்று தனியாகச் சிறிய பொறிகள் வைத்து, களத்தில் என்ன கிடைக்கிறது என்று அறிய வேண்டும். தரையில் ஊர்பவைதான் அவற்றில் விழும், மண்ணுக்குள் இருக்கும் கறையான் விழாது என்பதால், கறையானைக் கையால் தோண்டித் தேடிச் சேர்க்க வேண்டும்.

கணக்கிடும்போது ஒரு எச்சரிக்கை. ஓர் எச்சத்தில் நாற்பது எறும்பும் ஒரு பெரிய வெட்டுக்கிளியும் இருந்தால், எண்ணிக்கையில் எறும்பு நூற்றுக்கு 98. கன அளவில் அந்த ஒற்றை வெட்டுக்கிளியே முந்திவிடலாம். எண்ணிக்கை, கன அளவு, எத்தனை எச்சங்களில் காணப்பட்டது என்ற மூன்றையும் தனித்தனியாகக் கொடுங்கள். எச்சத்தில் கன அளவைத் துல்லியமாக அளக்க முடியாது. தலையின் அகலத்திலிருந்து உடல் நீளத்தைக் கணிக்க, உங்கள் ஒப்பீட்டுச் சேகரிப்பில் உள்ள முழுப் பூச்சிகளை அளந்து ஒரு சமன்பாடு போட்டுக்கொள்ளலாம். புதிய எச்சங்களைச் சேர்க்கச் சேர்க்கப் புதிய இரை வகைகள் வருவது நின்றுபோகும் இடம்தான் போதும் என்று நிறுத்தும் இடம்; அந்த வளைகோட்டை வாரம்தோறும் வரைந்து பாருங்கள். அது தட்டையாகிவிட்டால் மீதி நாட்களில் பல்லிகளைப் பிடித்துத் தொந்தரவு செய்யாமல், வெப்ப அளவீட்டுக்கும் பூச்சிக் கணக்குக்கும் ஒதுக்கிவிடலாம்.